அமிலத்தை அடக்கினால் புண் ஆறும், அதன் பிறகு?

1993ஆம் ஆண்டு வியன்னா நகர மருத்துவர்கள் ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டார்கள். முன்சிறுகுடலில் அடிக்கடி புண் வந்து அவதிப்பட்ட 104 பேரை அதில் சேர்த்திருந்தார்கள். எல்லோருக்கும் இரவில் ரானிடிடின் கொடுக்கப்பட்டது. அன்றைக்கு அல்சருக்கு உலகமெங்கும் எழுதப்பட்ட, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை அது. அவர்களில் பாதிப் பேருக்கு மட்டும் கூடவே 12 நாள் இரண்டு ஆண்டிபயாடிக் மருந்துகள். மற்றவர்களுக்கு அதே தோற்றத்தில் மருந்தில்லாத போலி மாத்திரை. ஆறு வாரத்தில் முதல் தரப்பில் 92 சதவீதம் பேருக்கும், அமில மாத்திரை மட்டும் பெற்ற இரண்டாம் தரப்பில் 75 சதவீதம் பேருக்கும் புண் ஆறியிருந்தது. அத்தோடு கணக்கை முடித்திருந்தால், அமில மாத்திரையே போதும், ஆண்டிபயாடிக் சற்றுக் கூடுதல் உதவி என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவர்கள் ஓராண்டு காத்திருந்து மறுபடியும் பார்த்தார்கள். ஆண்டிபயாடிக் பெற்றவர்களில் 8 சதவீதம் பேருக்குப் புண் திரும்பியிருந்தது. அமில மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 86 சதவீதம் பேருக்கு. அமிலத்தை அடக்கும் மருந்து புண்ணை ஆற்றுகிறது, ஆனால் புண் ஏன் வந்தது என்ற கேள்வியை அது தொடுவதே இல்லை. மருந்துக் கடையில் ‘கேஸ் மாத்திரை’ என்று கேட்டு வாங்கி மாதக்கணக்கில் சாப்பிடும் பழக்கம் பரவியிருக்கும் நம் ஊரில் இந்த வேறுபாடு பலருக்குத் தெரிவதில்லை. தெரியாமல் இருப்பதற்கு விலையும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இரைப்பையில் ஊறுவது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பள்ளி ஆய்வுக்கூடத்துப் புட்டியில் இருக்கும் அதே பொருள்தான். விலங்குகளின் இரைப்பைச் சாற்றை ஆராய்ந்து இதைக் கண்டறிந்த வில்லியம் பிரவுட் என்ற லண்டன் மருத்துவர் 1823இல் ராயல் சொசைட்டியில் அறிவித்தார். நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை இரைப்பைச் சாறு சுரக்கிறது. உணவோடு வரும் கிருமிகளைக் கொல்வதும், இறைச்சி, பருப்பு போன்றவற்றின் புரதத்தைக் குலைத்து செரிமானத்துக்குத் தயார் செய்வதும் அந்த அமிலத்தின் வேலை. இறைச்சியையே கரைக்கும் திரவம் இரைப்பையை ஏன் கரைப்பதில்லை? உட்சுவரின் மேல் பிசுபிசுப்பான சளிப்படலம் ஒன்று படர்ந்திருக்கிறது. அதற்கு அடியில், அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டை சுவரின் செல்கள் இடைவிடாமல் கசியவிடுகின்றன. மேற்பரப்புச் செல்களோ சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. இந்தக் காவல் தளரும் இடத்தில் அமிலம் சுவரைத் தின்ன ஆரம்பிக்கிறது. மேலோட்டமான சிராய்ப்பைத் தாண்டி, உட்சுவரின் அடிப்படலம் வரை குழி விழுந்தால் அதை மருத்துவர்கள் அல்சர் என்கிறார்கள். அமிலத்துக்கும் காவலுக்கும் நடக்கும் இந்த இழுபறியில் எந்தப் பக்கம் தவறுகிறது என்பதில்தான் மருத்துவ உலகம் வெகுகாலம் ஏமாந்தது.

அமிலம் இல்லையேல் புண் இல்லை என்ற கருத்தை 1910இல் கார்ல் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் எழுதினார். அது தவறான கருத்து அல்ல. அமிலமே சுரக்காத சிலவகை ரத்தசோகை நோயாளிகளுக்கு முன்சிறுகுடல் புண் வருவது மிக அரிது. எதிர்ப்பக்கம், அமிலச் சுரப்பைத் தூண்டும் காஸ்ட்ரின் ஹார்மோனை அள்ளி விடும் கட்டி கணையத்தில் வளர்ந்தால் புண்மேல் புண் வரும் என்று 1955இல் சோலிங்கரும் எலிசனும் காட்டினார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அமிலமே குற்றவாளி என்று தோன்றத்தானே செய்யும்? ஆனால் சாதாரண அல்சர் நோயாளிகளின் அமிலத்தை அளந்தபோது, பலருக்கு அது மற்றவர்களைப் போலவே இருந்தது. இரைப்பையிலேயே புண் வந்தவர்கள் சிலருக்கு இயல்பைவிடக் குறைவாகக்கூட இருந்தது. புண் உண்டாக அமிலம் வேண்டும், ஆனால் அமிலம் மட்டும் போதாது என்பதைத்தான் இந்த அளவீடுகள் சொல்லின. ‘வேண்டும்’ என்பதை ‘போதும்’ என்று படித்ததால் சிகிச்சை முழுவதும் ஒரே திசையில் ஓடியது.

அந்த ஓட்டத்தில் நோயாளிகள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. 1915இல் சிகாகோ மருத்துவர் பெர்ட்ராம் சிப்பி ஒரு பத்தியத்தை வகுத்தார்: மணிக்கு ஒருமுறை பாலும் பாலேடும், இடையிடையே அமிலத்தை முறிக்கும் பொடி. பல பத்தாண்டுகள் இதுவே வேதமாக இருந்தது. பால் வயிற்றுக்குள் போனதும் சற்று நேரம் இதமாக இருப்பது நிஜம். ஆனால் பாலிலுள்ள புரதமும் கால்சியமும் அமிலச் சுரப்பைத் தூண்டுகின்றன என்பது பின்னால் அளந்து பார்த்தபோது தெரிந்தது. அல்சருக்குப் பால் நல்லது என்ற பேச்சு மட்டும் இன்னும் நம் வீடுகளில் உயிரோடு இருக்கிறது. பத்தியத்துக்கு அடங்காதவர்களை அறுவை மேசையில் படுக்க வைத்தார்கள். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பார்கள். அல்லது மூளையிலிருந்து இரைப்பைக்கு வரும் வேகஸ் நரம்பை அறுத்துவிடுவார்கள். இந்த நரம்பு அறுவையை 1940களில் சிகாகோவின் லெஸ்டர் டிராக்ஸ்டெட் பரவலாக்கினார். பலருக்குப் புண் போனது. அதற்குப் பதிலாகச் சாப்பிட்டதும் தலைசுற்றல், வயிற்றுப்போக்கு, எடைக் குறைவு என்று வாழ்நாள் தொல்லைகள் வந்து ஒட்டிக்கொண்டன.

இந்த நிலையை மாற்றியது 1976இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த சிமெட்டிடின். அது எப்படி வேலை செய்கிறது என்று புரிய, அமிலம் சுரக்கும் செல்லை மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாராக நினைத்துக்கொள்ளலாம். அந்த மோட்டாருக்கு மூன்று சுவிட்சுகள். ஒன்று வேகஸ் நரம்பு அனுப்பும் அசிட்டைல்கோலின். உணவைப் பார்த்ததும் முகர்ந்ததும் இது முடுக்கிவிடும். இரண்டாவது, இரைப்பையின் அடிப்பகுதியிலிருந்து ரத்தத்தில் வரும் காஸ்ட்ரின். மூன்றாவது, பக்கத்துச் செல்களிலிருந்து கசியும் ஹிஸ்டமின். தும்மலுக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகள் இரைப்பை அமிலத்தை அசைக்கவே இல்லை. அப்படியானால் இரைப்பையில் ஹிஸ்டமின் வந்து பொருந்தும் ஏற்பி வேறு வகையாக இருக்க வேண்டும் என்று ஜேம்ஸ் பிளாக் ஊகித்தார். ஸ்காட்லாந்துக்காரரான அவர் தன் குழுவோடு ஆண்டுக்கணக்கில் பொருள்மேல் பொருளாகச் செய்து பார்த்து அந்த இரண்டாம் வகை ஏற்பியை அடைக்கும் வழியைக் கண்டார். முன்னதாகச் செய்த மெட்டியமைடு என்ற மருந்து சிலருக்கு வெள்ளையணுக்களைக் குறைத்ததால் அதைக் கைவிட்டு, மூலக்கூற்றை மாற்றி அமைத்துப் பிறந்ததுதான் சிமெட்டிடின். 1988இல் பிளாக்குக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 1981இல் வந்த ரானிடிடின் அதே குடும்பம். அல்சர் அறுவைகள் வேகமாகக் குறைந்தன. ஆனாலும் ஒரு சுவிட்சை அணைத்தால் மற்ற இரண்டும் மோட்டாரை ஓட்டும். தொடர்ந்து சாப்பிட்டால் சில வாரங்களிலேயே இந்த மாத்திரைகளின் பிடி தளர்வதும் தெரிந்தது. (ரானிடிடினில் புற்றுநோய் ஆபத்துள்ள ஒரு மாசு உருவாவதாகச் சொல்லி 2020இல் அமெரிக்கா அதைச் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது. இந்தியாவில் 2022இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து அது நீக்கப்பட்டது.)

சுவிட்சை விட்டு மோட்டாரையே பிடித்தது அடுத்த தலைமுறை. செல்லுக்குள் இருப்பதைப்போல ஏறக்குறைய பத்து லட்சம் மடங்கு செறிவுக்கு ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளி, பதிலுக்குப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு புரதம் செல்லின் சுவரில் இருக்கிறது. அதைத்தான் புரோட்டான் பம்ப் என்கிறோம். சுவீடனில் ஆஸ்ட்ரா நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் 1979இல் உருவாக்கப்பட்டு 1988இல் விற்பனைக்கு வந்த ஒமிபிரசோல் இந்தப் பம்பைப் பூட்டுகிறது. நம் ஊரில் அதிகம் புழங்கும் பான்டோபிரசோல், ரபிபிரசோல் எல்லாம் அதன் உடன்பிறப்புகள். இதன் வேலைமுறையில் ஒரு விசித்திரம் உண்டு. ஒமிபிரசோல் கேப்சூலைப் பிரித்தால் கடுகைவிடச் சிறிய வெள்ளை உருண்டைகள் உதிரும். ஒவ்வொரு உருண்டைக்கும் அமிலத்தில் கரையாத பூச்சு பூசியிருக்கிறார்கள், ஏனென்றால் இந்த மருந்து இரைப்பை அமிலத்தில் பட்டால் அங்கேயே சிதைந்துவிடும். மென்று தின்றாலோ உடைத்துப் பொடியாக்கினாலோ போட்ட காசு வீண். பூச்சோடு இரைப்பையைக் கடந்து, சிறுகுடலில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, பிறகு அமிலம் சுரக்கும் செல்லுக்குப் பின்வாசல் வழியாக வந்து சேர்கிறது. அதுவரை அது மருந்தே அல்ல. செல் அமிலத்தைக் கொட்டும் நுண்ணிய கால்வாயில் போய்த் தேங்கி, அங்குள்ள அமிலத்தால் உருமாறிய பிறகுதான் பம்போடு ஒட்டிக்கொண்டு அதை முடக்குகிறது. எந்த அமிலத்தை நிறுத்த வருகிறதோ அதே அமிலம்தான் அதற்கு உயிர் கொடுக்கிறது.

காலையில் வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு என்று டாக்டர் சொல்வது சடங்கு அல்ல என்பது இதிலிருந்து விளங்கும். ஓடாத பம்பை இந்த மருந்தால் பூட்ட முடியாது. இரவு முழுக்க வெறுமையாக இருந்த இரைப்பையில் இட்லி போய் விழும்போது பம்புகள் பெரிய எண்ணிக்கையில் விழித்தெழுகின்றன. அந்த நேரத்தில் ரத்தத்தில் மருந்து தயாராகக் காத்திருக்க வேண்டும். சாப்பிட்ட பின் நெஞ்சு எரிந்ததும் ஒன்றைப் போட்டுக்கொண்டு, அரை மணியில் கேட்கவில்லையே என்று இன்னொன்றைப் போடுபவர்கள் இந்த மாத்திரையைத் தவறாகப் புரிந்துகொண்டவர்கள். ரத்தத்தில் அது தங்குவது ஓரிரு மணி நேரம்தான். ஆனால் பூட்டிய பம்ப் பூட்டியதுதான். செல் புதுப் பம்புகளைச் செய்தாக வேண்டும். அதனால் ஒரு மாத்திரையின் பலன் ஒரு நாளைத் தாண்டியும் நிற்கிறது. முழுப் பலன் தெரிய மூன்று நான்கு நாள் ஆகிறது. உடனடி நிம்மதிக்கு ஜெலுசில் போன்ற திரவமோ சோடா உப்போதான். அவை ஏற்கெனவே சுரந்து கிடக்கும் அமிலத்தை முறிக்கின்றன, சுரப்பை நிறுத்துவதில்லை. வெறும் வயிற்றில் குடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் அவற்றின் கதை முடிந்துவிடும்.

இப்படிப்பட்ட திறமையான மருந்துகள் கையில் இருந்தும் புண் திரும்பி வந்தது. சிமெட்டிடினால் ஆறிய முன்சிறுகுடல் புண்கள், மருந்தை நிறுத்திய ஓராண்டுக்குள் பெரும்பாலோருக்கு மீண்டும் வந்தன. அதற்கு மருத்துவ உலகம் கண்ட தீர்வு, மருந்தை நிறுத்தாதே என்பது. அல்சர் ஒரு வாழ்நாள் நோய், தினம் இரவு ஒரு மாத்திரை என்று ஆனது. விற்பனையில் உலகச் சாதனை படைத்த மருந்துகளின் வரிசையில் சிமெட்டிடினும் ரானிடிடினும் அடுத்தடுத்து ஏறியதற்கு அந்தத் தினசரி மாத்திரையும் ஒரு காரணம். யாரோ திட்டமிட்டு மறைத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மருந்து வேலை செய்யும்போது, அது ஏன் போதவில்லை என்று கேட்க யாருக்கும் அவசரம் இருப்பதில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் அமில ஆராய்ச்சியாளர் அல்ல. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர மருத்துவமனையில் திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லும் ராபின் வாரன், 1979இல் இரைப்பைத் துணுக்குகளில் சுருள் வடிவ நுண்ணுயிரிகளைக் கவனித்தார். அவை இருந்த இடமெல்லாம் அழற்சியும் இருந்தது. அத்தனை அமிலத்தில் கிருமி வாழாது என்பதே அன்றைய பாடம். 1981இல் இளம் மருத்துவர் பேரி மார்ஷல் அவரோடு சேர்ந்தார். 1982 ஈஸ்டர் விடுமுறையில், வழக்கமாக இரண்டு நாளில் தூக்கி எறியப்படும் வளர்ப்புத் தட்டுகள் கூடுதலாகச் சில நாள் கிடந்ததால்தான் மெதுவாக வளரும் இந்தக் கிருமி கண்ணுக்குப் பட்டது. நம்பாதவர்களுக்குக் காட்ட 1984இல் மார்ஷல் தானே அந்தக் கிருமிக் கரைசலைக் குடித்தார். சில நாட்களில் குமட்டலும் வாந்தியும் வந்தன, எண்டோஸ்கோப்பியில் அழற்சி தெரிந்தது. அவருக்கு அல்சர் வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் குடி பலரும் கதை சொல்வதுபோல அல்சருக்கான நிரூபணம் அல்ல. நல்ல இரைப்பையில் இந்தக் கிருமி நோயை உண்டாக்கும் என்பதற்கு மட்டுமே சான்று. அல்சருக்கான சான்று வியன்னா போன்ற இடங்களில் நடந்த, கிருமியை ஒழித்தால் புண் திரும்புவதில்லை என்று காட்டிய ஆய்வுகளிலிருந்து வந்தது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்று பெயர் பெற்ற அந்தக் கிருமி, யூரியாவைப் பிளந்து அம்மோனியாவை உண்டாக்கித் தன்னைச் சுற்றி அமிலத்தை முறித்துக்கொண்டு சளிப்படலத்துக்குள் வாழ்கிறது. எண்டோஸ்கோப்பி அறையில் இந்தப் பண்பையே சோதனையாக்கியிருக்கிறார்கள். இரைப்பையிலிருந்து அரிசி முனையளவு சதையைக் கிள்ளி, யூரியா கலந்த மஞ்சள் ஜெல்லில் வைப்பார்கள். கிருமி இருந்தால் அம்மோனியா ஊறி மஞ்சள் இளஞ்சிவப்பாக மாறும். வாரனும் மார்ஷலும் 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இங்கே நியாயமான ஓர் ஆட்சேபம் எழும். இந்தியாவில் பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் இந்தக் கிருமி இருக்கிறது; அத்தனை பேருக்குமா அல்சர்? இல்லை. கிருமியைச் சுமப்பவர்களில் சிறுபான்மையினருக்குத்தான் வாழ்நாளில் புண் வருகிறது. மைசூரில் பணிபுரிந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஃபிராங்க் டோவி 1970களில் தொகுத்த விவரங்களில், அரிசி உண்ணும் தென்னிந்தியாவில் முன்சிறுகுடல் புண் அதிகமாகவும், கோதுமை உண்ணும் வட பகுதிகள் சிலவற்றில் குறைவாகவும் இருந்தது. கிருமித் தொற்றோ இரு பக்கமும் பரவலாகத்தான் இருக்கிறது. ஆக, கிருமியின் ரகம், அது இரைப்பையில் எந்தப் பகுதியைப் பிடிக்கிறது, புகைபிடித்தல், உணவுமுறை எல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. ஆனால் இது என் வாதத்தைப் பலவீனப்படுத்தவில்லை. காசநோய்க் கிருமியைச் சுமப்பவர்களிலும் பெரும்பாலோருக்குக் காசநோய் வருவதில்லை. அதற்காக நோய் வந்தவருக்கு இருமல் மருந்து மட்டும் கொடுத்து அனுப்புவதில்லை. புண் வந்துவிட்ட ஒருவரிடம் கிருமி இருந்தால், அதை ஒழிப்பதே புண்ணைத் திரும்ப விடாத வழி. புண் இல்லாமல் கிருமி மட்டும் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் உடனே மருந்து தேவையா என்பது வேறு கேள்வி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994இல் இந்தக் கிருமியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பட்டியலில் சேர்த்திருக்கிறது. குடும்பத்தில் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால் அந்தக் கேள்வியை மருத்துவரிடம் எழுப்புவது நல்லது.

இரண்டாவது ஆட்சேபம் வீட்டுப் பெரியவர்களிடமிருந்து வரும். காரம் தின்றால், நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால், கவலைப்பட்டால் அல்சர் வரும் என்பது பொய்யா? 1988இல் அமெரிக்காவில் ஓர் எளிய சோதனை செய்தார்கள். நல்ல உடல்நலத்தோடு இருந்த 12 பேருக்குக் காரமில்லாத சாப்பாடு, காரச் சாப்பாடு, ஆஸ்பிரின் மாத்திரையோடு சாப்பாடு என்று வெவ்வேறு வேளைகளில் கொடுத்து மறுநாள் இரைப்பைக்குள் குழாய்விட்டுப் பார்த்தார்கள். காரம் புண்ணாக்கவில்லை. ஆஸ்பிரின் ஏறத்தாழ எல்லோருக்கும் சிராய்ப்புகளை உண்டாக்கியிருந்தது. ஏற்கெனவே புண் இருப்பவருக்கு மிளகாய் எரிச்சலைத் தூண்டலாம். அது புண்ணுக்குக் காரணம் என்பதற்குச் சான்று இல்லை. காலைச் சாப்பாட்டைத் தவிர்ப்பது குறித்தும் இதையேதான் சொல்ல வேண்டும்: வலி கூடும், குழி அதனால் விழுவதில்லை. கவலையைப் பற்றி அவ்வளவு எளிதாகத் தீர்ப்பு சொல்லிவிட முடியாது. இரண்டாம் உலகப் போரில் லண்டன் மேல் குண்டு விழுந்த மாதங்களில் அல்சர் வெடித்து மருத்துவமனைக்கு வந்தவர்கள் கூடியிருந்தார்கள். 1995இல் ஜப்பானின் கோபே பகுதியை நிலநடுக்கம் தாக்கிய பின் ரத்தம் கசியும் புண்கள் அதிகரித்தன. அப்படிப் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோரிடம் கிருமியும் இருந்தது. கடும் மனநெருக்கடி ஏற்கெனவே பலவீனமான காவலை உடைக்கும் என்று ஒப்புக்கொள்ளலாம். ஆபீஸ் டென்ஷன்தான் என் அல்சர் என்று சொல்லிக் கிருமிச் சோதனையைத் தள்ளிப்போட அது காரணமாகாது.

கிருமிக்கு அடுத்த பெரிய காரணம் நம் மாத்திரை டப்பாவிலேயே இருக்கிறது. மூட்டுவலி, இடுப்புவலி, பல்வலி என்று விழுங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் ஆகியவை புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதைத் தடுத்து வலியைக் குறைக்கின்றன. 1971இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் ஜான் வேன் இதைக் கண்டறிந்தார். அதே புரோஸ்டாகிளாண்டின்தான் இரைப்பையில் சளியையும் பைகார்பனேட்டையும் கசியவிட்டு, உட்சுவருக்கு ரத்தத்தைக் கூட்டிக் காவலைத் தாங்கிப் பிடிக்கிறது. வலிமாத்திரை மூட்டுக்கும் இரைப்பைக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை. சாப்பிட்ட பின் போட்டால் ஒன்றும் செய்யாது என்பது பாதி உண்மைதான். ரத்தத்தில் கலந்தபின் அது எந்த வழியாக உள்ளே வந்தது என்பது முக்கியமில்லை. ஊசியாகப் போட்டாலும் இதே ஆபத்து உண்டு. வயதானவர்களுக்கு இந்தப் புண் சில சமயம் வலியே இல்லாமல் வந்து, தார்போலக் கறுத்த மலமாக முதலில் தெரிகிறது. அப்படி மலம் போனாலோ, காபித்தூள் கரைசல் போல வாந்தி எடுத்தாலோ மருந்துக் கடைக்குப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அமில மாத்திரையே வேண்டாம் என்கிறேனா? அமிலத்தைக் குறைப்பது புண்ணுக்கு ஆறும் அவகாசத்தைக் கொடுக்கிறது. ரத்தம் கொட்டும் அல்சரில் அது உயிர்காக்கும். அமிலம் நிறைந்த சூழலில் ரத்தம் உறைவது கடினம், உறைந்ததும் கரைந்துவிடும். ஹாங்காங்கில் எண்டோஸ்கோப்பி மூலம் ரத்தக்கசிவை நிறுத்திய 240 பேரில், ஒமிபிரசோல் ரத்தக்குழாய் வழியாகச் செலுத்தப்பட்டவர்களில் 6.7 சதவீதம் பேருக்கே அடுத்த ஒரு மாதத்தில் மீண்டும் ரத்தம் கசிந்தது. அது கொடுக்கப்படாதவர்களில் 22.5 சதவீதம். இதயநோய்க்காக ஆஸ்பிரினை நிறுத்த முடியாத, முன்பு அல்சர் வந்த முதியவருக்குக் கூடவே புரோட்டான் பம்ப் மாத்திரை எழுதுவது முறையான பாதுகாப்பு. அவர் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அதை நிறுத்தக் கூடாது. கிருமி ஒழிப்புச் சிகிச்சையிலும் அமில மாத்திரைக்குக் கௌரவமான இடம் உண்டு. அமிலம் குறைந்தால்தான் கிருமி பெருகத் தொடங்குகிறது. அமாக்சிசிலின் போன்ற மருந்து பெருகும் கிருமியைத்தான் கொல்லும். அங்கே அமில மாத்திரை ஆண்டிபயாடிக்குக்குத் துணைவன்.

என் புகார், காரணம் தேடாமல் விழுங்கும் பழக்கத்தின் மேல். எந்த நோய்க்கு மருந்து எழுதினாலும் கூடவே ஒரு கேஸ் மாத்திரை என்ற வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அதை நிறுத்துவது சுலபமும் அல்ல. டென்மார்க்கில் நெஞ்செரிச்சல் எதுவுமே இல்லாத 120 பேரை வைத்து ஆராய்ந்தார்கள். பாதிப் பேருக்கு எட்டு வாரம் ஒமிபிரசோலின் உடன்பிறப்பான இசோமிபிரசோல் கொடுத்து, அவர்கள் அறியாமல் போலி மாத்திரைக்கு மாற்றினார்கள். மருந்து நின்ற அடுத்த சில வாரங்களில் அவர்களில் 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சல் போன்ற தொல்லைகள் தோன்றின. ஆரம்பம் முதல் போலி மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 15 சதவீதம். அமிலம் குறைந்ததைக் கண்ட உடல், காஸ்ட்ரினைக் கூட்டிச் சுரப்பைத் தயார் நிலையில் வைத்திருந்ததே காரணம். நோயே இல்லாதவருக்கு மாத்திரை நோயின் அறிகுறியைத் தந்திருக்கிறது. ‘விட்டால் எரியுது, அதனால எனக்கு இது தேவை’ என்று சொல்பவர்களில் எத்தனை பேர் இந்தக் கூட்டம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். டாக்டர் துணையோடு அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் சில வாரங்களில் இது அடங்கிவிடும்.

மறுமுனையில் பயமுறுத்தல்களும் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன: சிறுநீரகம் கெடும், எலும்பு நொறுங்கும், மறதி வரும் என்று. பெரும்பாலானவை பழைய மருத்துவக் கோப்புகளைப் புரட்டிய ஆய்வுகளிலிருந்து வந்தவை. அமில மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பொதுவாக வேறு நோய்களும் உள்ள முதியவர்கள் என்பதால் எது எதனால் என்று அவற்றில் பிரித்தறிய முடியாது. 2019இல் வெளியான, 17,598 இதயநோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து ஏறத்தாழ மூன்று ஆண்டு தொடர்ந்த பெரிய ஆய்வில், பான்டோபிரசோல் சாப்பிட்டவர்களுக்குத் தெளிவாகக் கூடியது குடல் தொற்று மட்டுமே: 1.4 சதவீதம், மற்றவர்களுக்கு 1.0. கிருமிகளைக் கொல்லும் அமிலத்தைக் குறைத்தால் இது எதிர்பார்க்கக்கூடியதே. மிக நீண்ட காலம் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12, மக்னீசியம் குறையக்கூடும். அரிதாகச் சிறுநீரக அழற்சி வருவதும் உண்மை. தேவை உள்ளவருக்கு இந்த ஆபத்துகள் பொறுத்துக்கொள்ளத் தக்கவை; தேவையில்லாதவருக்குச் சிறு ஆபத்தும் நஷ்டம்தான். எனக்குப் பெரிய ஆபத்தாகத் தெரிவது மருந்தின் பக்கவிளைவு அல்ல, மருந்து மூடி மறைப்பது. வலி அடங்கியதால் கிருமி கண்டுபிடிக்கப்படாமல் போகிறது. எடை குறைவதையும் விழுங்கச் சிரமப்படுவதையும் கேஸ் என்று தள்ளிப்போட்டவருக்குப் புற்றுநோய் தாமதமாகத் தெரிகிறது. மாரடைப்பின் நெஞ்சுவலியைக்கூட ஒரு மாத்திரையோடு சமாளிக்கப் பார்த்தவர்கள் உண்டு.

காரணத்தைத் தேடுவதற்கும் இந்த மாத்திரை குறுக்கே நிற்கும் என்பதால் கிருமிச் சோதனையின் நடைமுறையைத் தெரிந்துகொள்வது நல்லது. புரோட்டான் பம்ப் மாத்திரை கிருமியைக் கொல்லாது, ஆனால் சோதனையில் அகப்படாத அளவுக்கு ஒடுக்கிவிடும். எனவே மூச்சுச் சோதனைக்கோ மலச் சோதனைக்கோ இரண்டு வாரம் முன்பே டாக்டரிடம் கேட்டு அதை நிறுத்த வேண்டும். ஆண்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் நான்கு வாரம் பொறுக்க வேண்டும். ரத்தச் சோதனை மலிவு, ஆனால் எப்போதோ வந்துபோன கிருமிக்கும் இருக்கிறது என்று சொல்லிவிடும். கிருமி இருந்தால் இப்போது பெரும்பாலும் 14 நாள், மூன்று நான்கு மருந்துகள். பிஸ்மத் சேர்ந்த கலவையில் மலமும் நாக்கும் கறுக்கும், பயப்பட வேண்டாம். இந்தியாவில் மெட்ரோனிடசோலுக்கும் கிளாரித்ரோமைசினுக்கும் இந்தக் கிருமி கணிசமாகப் பழகிவிட்டதால் முதல் முயற்சி தோற்பது அபூர்வமல்ல. நடுவில் நான்கைந்து நாளில் வலி போய்விட்டது என்று நிறுத்துபவர்கள் அந்தத் தோல்விக்குத் துணைபோகிறார்கள், ஏனென்றால் வலியைப் போக்கியது அமில மாத்திரை, கிருமி அப்படியே இருக்கக்கூடும். அதனால்தான் சிகிச்சை முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து மீண்டும் ஒரு மூச்சுச் சோதனை செய்யச் சொல்கிறார்கள். வயிறு நன்றாக இருக்கும்போது எதற்குச் செலவு என்று நம்மில் பலர் விட்டுவிடுவது அந்தச் சோதனையைத்தான்.